மீதிப் பிரதிகள் யார் பொறுப்பு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் மலையக நூல் வெளியீட்டு விழாப் படம் வராத வாரம் குறைவு. குத்துவிளக்கு, முதற்பிரதி, பொன்னாடை எல்லாம் இருக்கும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறு மாதம் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ புத்தகக் கடையில் போய்க் கேட்டால், "அப்படியொரு புத்தகம் எங்களுக்கு வரவில்லையே" என்கிறார்கள். புத்தகம் அச்சாகித்தான் இருக்கிறது. எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது, அல்லது பணம் வாங்கிய நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருக்கிறது. புத்தகம் போட எண்ணியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று, நூல் தயாரிப்பு வேலையில் உள்ளவர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

பதிப்பகத்திடம் கொடுப்பதா, சொந்தமாகப் போடுவதா, பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து போடுவதா என்று யோசிக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது அச்சுச் செலவு. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. விழா முடிந்து ஓராண்டு கழித்து மீதிப் பிரதிகள் யார் கையில் இருக்கும்? அவற்றை விற்கும் வேலை யாருடையது? மறுபதிப்புப் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் வழி தானாகத் தெரியும்.

சொந்தச் செலவில் போடுவது இரண்டாந்தரம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மலையகத்தில் அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தொழிலாளருக்கான பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் தாமே வெளியிட்டவர். அவர் மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் பாடிய பாடல்கள் 1940ல் சிறு புத்தகமாக வந்தன. தொண்ணூறுகளில் மலையகச் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட்ட துரைவி பதிப்பகம் ஒரு வர்த்தகரின் கைப்பணத்தில் நடந்தது. நமது இலக்கியத்தின் பெரும்பகுதி இப்படித்தான் காகிதத்தில் ஏறியது.

பதிப்பகம் தன் பணத்தில் போட முன்வந்தால் நல்லது, தயங்க வேண்டாம். கதைச்சுருக்கம் ஒரு பக்கம், உங்களைப் பற்றிப் பத்து வரி, முதல் 30 பக்கங்கள் ஆகியவற்றை அனுப்பிவிட்டு மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்திருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் இருவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை வரும் வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். நூற்றுக்கு 10 என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. விலை 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். "அட்டை விலையில் 10 வீதம்" என்றால் பிரதிக்கு 100 ரூபா. "பதிப்பாளருக்குக் கிடைத்த தொகையில் 10 வீதம்" என்று எழுதியிருந்து, கடைக்கு 40 வீதக் கழிவு போனால், பதிப்பாளருக்குக் கிடைப்பது 600, உங்களுக்கு 60. ஒரு சொல்லுக்குள் பிரதிக்கு நாற்பது ரூபா ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பதிப்பகம் தன் பணத்தில் போடுவதாகச் சொல்லும், கூடவே "200 பிரதியை 30 வீதக் கழிவில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றும் சொல்லும். மொத்தம் 300 பிரதி, விலை 1,000 ரூபா, அச்சுக்கு ஒரு பிரதிக்கு 500 ரூபா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சகத்துக்குப் போவது 1,50,000. நீங்கள் கட்டுவது 1,40,000. அச்சுக்கூலியை ஏறத்தாழ முழுவதும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பதிப்பகத்திடம் 100 பிரதியும் உரிமையும் மிஞ்சுகின்றன. இதற்கு என்ன பெயர் வைத்தாலும், செலவு செய்தவர் நீங்கள். அப்படிக் கொடுப்பதில் தவறில்லை, பதிப்பகத்தின் பெயரும் கடைகளில் அதற்குள்ள செல்வாக்கும் உங்களுக்குத் தேவையென்றால் கொடுக்கலாம். ஆனால் செலவு செய்பவருக்குரிய நிபந்தனைகளோடு கொடுக்க வேண்டும்.

சொந்தமாகப் போடுபவர்கள் பெரும்பாலும் விலை போடும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 160 பக்கம், ஏ5 அளவு, 300 பிரதி. அச்சுக்கு 1,50,000, செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாமாக 45,000 என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,95,000. இதை 300ஆல் வகுத்து 650 என்று கண்டு, 900 ரூபா விலை போடுகிறார்கள். ஆனால் சட்டப்படி ஒப்படைக்கும் பிரதிகள், விமர்சனத்துக்கு, விருதுத் தேர்வுக்கு, முன்னுரை எழுதியவருக்கு, மறுக்க முடியாத உறவுக்கு என்று 40 பிரதி போய்விடும். விற்க இருப்பது 260. அடக்கவிலை 750. கடைக்கு 35 வீதம் கொடுத்தால் 900 ரூபாப் புத்தகத்தில் கைக்கு வருவது 585. கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் 165 ரூபா நட்டம். கடைவழி விற்று முதலையாவது எடுக்க வேண்டுமென்றால் விலை 1,160 அளவில் இருக்க வேண்டும். தோட்டத்தில் அது ஒரு முழுப் பேர் விழுந்தால், அதாவது ஒரு முழு நாள் வேலை பதிவானால், கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி. யாருக்காக எழுதினோமோ அவர்களால் வாங்க முடியாது. அதனால் எங்கள் அபிப்பிராயம் இது: விலையை 900ல் வைத்து, பாதிக்கு மேல் நேரடியாக விற்கத் திட்டம் போடுங்கள். 175 பிரதி நேரடியாகவும் 85 பிரதி கடைவழியாகவும் போனால் 1,57,500உம் 49,725உம் வரும். முதல் தேறிவிடும், கொஞ்சம் மிஞ்சும்.

விழாவில் சிறப்புப் பிரதிகளுக்குக் கிடைக்கும் பண உறைகள் அச்சுக் கடனை அடைக்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் கடன் அடைந்ததும் மீதிப் பிரதிகளுக்கு இனி விலையில்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது, காண்பவர்க்கெல்லாம் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த புத்தகத்துக்கு முதல் இல்லாமல் போவது அங்கேதான். உறைப்பணத்தைத் தனிக் கணக்கில் எழுதுங்கள்.

எத்தனை பிரதி? 300க்குக் கீழ் டிஜிட்டல் அச்சு, 500க்கு மேல் தகட்டில் எடுத்து அச்சிடும் ஓப்செட். ஓப்செட்டில் பிளேட் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். இந்த இறக்கத்தைக் காட்டித்தான் "இன்னும் கொஞ்சம் காசு போட்டால் ஆயிரமாகப் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். 300 பேரின் பெயரை எழுதிக்காட்ட முடியாதவர் ஆயிரம் போடக் கூடாது. முதலில் 200, தீர்ந்தால் இன்னும் 200. கோப்பு கையில் இருந்தால் இரண்டாம் முறை அச்சுக்கூலி மட்டும்தான்.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பக்கம் வடிவமைத்தவரிடம் அச்சுக்கான பி.டி.எப். மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இரண்டாம் பதிப்பில் ஒரு பிழை திருத்த வேண்டுமென்றால் மறுபடி அவரிடமே போக வேண்டும், அவர் கணினி மாறியிருந்தால் முழுப் புத்தகத்தையும் மீண்டும் தட்டச்சுச் செய்யவும் நேரலாம். பணம் கொடுக்கும்போதே, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வாங்கி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

எழுத்துருச் சிக்கல் நம் நாட்டில் தனி. பலரின் கையெழுத்துப் பிரதி இன்னும் பாமினியில் இருக்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் பூட்டிய எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடாகிய யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருளுக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரியில் ஆங்கிலத்தில் மெயில் என்று அடித்திருந்தால், மாற்றிய பிறகு "அயடை" என்று வந்து நிற்கும். அடிக்குறிப்புகளும் ஆங்கில நூற்பெயர்களும் இப்படித்தான் பாழாகின்றன. மாற்றும் முன் ஆங்கிலச் சொற்களைத் தனித்தாளில் எழுதி வைத்து, மாற்றிய பின் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். யுனிகோடில் தந்த கோப்பை, பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் ஒட்டினால் எழுத்துகள் சரியாக வராது. இன்டிசைனில்கூட வேர்ல்ட் ரெடி கொம்போசர் என்ற தெரிவைப் போடாவிட்டால் கொம்புகளும் கால்களும் எழுத்தை விட்டு இடம் மாறி உட்காரும். வடிவமைப்பாளர் அதைப் போட்டிருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்கலை எழுதியவரே செய்வது வீண். தான் எழுதியதைத் தன் கண் சரியாகவே வாசிக்கும். ஒருமுறை வேறொருவர், வடிவமைத்த பின் அச்செடுத்த தாளில் இன்னொருவர் என்று இரண்டு பார்வை குறைந்தபட்சம். பணம் குறைவாக இருந்தால் அட்டைப்படத்தில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

ஏ5 பக்கத்துக்கு 11 புள்ளி எழுத்தும் 15 அல்லது 16 புள்ளி வரி இடைவெளியும் வாசிக்க இதம். முதுகுப் பக்கத்து ஓரம் 20 மி.மீ. விடாவிட்டால் வரிகளின் தொடக்கத்தை ஒட்டு விழுங்கிவிடும். வாசகர் புத்தகத்தை அகல விரிப்பார், ஒட்டு விட்டுப் பக்கம் கழன்றுவிடும். அட்டையில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும், படங்கள் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த பழைய லயத்துப் படம் அச்சில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஓப்செட்டில் பக்கங்களை 16இன் மடங்காக முடிப்பது சிக்கனம். 164 பக்கம் வந்தால் நான்கு பக்கத்தைக் குறைத்து 160க்குள் அடக்கப் பாருங்கள். 80 ஜி.எஸ்.எம். எடையுள்ள தாளில் 160 பக்கத்துக்கு முதுகு ஏறத்தாழ 8 மி.மீ. வரும். அட்டை வடிவமைப்பவருக்கு இந்த அளவைச் சொல்லாவிட்டால் நூலின் பெயர் முதுகிலிருந்து நழுவி முன்னட்டைக்கு வந்துவிடும்.

கட்டுமானம் நம் மலைக்கு முக்கியம். கொழும்பு வெயிலில் நன்றாக இருக்கும், சூட்டில் உருக்கிப் பூசும் ஹொட் மெல்ட் ஒட்டு, நுவரெலியாக் குளிரில் விறைத்து, புத்தகத்தை விரித்த இடத்தில் வெடிக்கக்கூடும். பாடசாலை நூலகங்களுக்குப் போகும் புத்தகமென்றால் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவு உண்டு, ஆனால் பத்துக் கை மாறினாலும் தாங்கும். 64 பக்கம்வரையான கவிதைப் புத்தகத்துக்கு நடுவில் கம்பி அடித்தாலே போதும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பதையும் அச்சகத்தில் சொல்லிவையுங்கள். குறுக்கே ஓடினால் மூடுபனிக் காலத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும், அட்டை வளைந்து நிற்கும்.

பெட்டிகளைச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் நான்கு அங்குலம் தள்ளிப் பலகையில் அடுக்குங்கள். இருபது இருபதாகப் பழுப்புத் தாளில் கட்டுங்கள். ஈரத்தோடு பொலித்தீனில் இறுக்கி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் ஜூன், ஜூலை மழையிலும், பதுளைப் பக்கத்தவர்கள் நவம்பர், டிசம்பர் மழையிலும் லொறியில் புத்தகம் இறக்குவதைத் தவிர்ப்பது நல்லது.

இனி, செலவைப் பங்கிட்டுப் போடும் நிறுவனங்கள். கலப்பு வெளியீடு என்றும் கூட்டு வெளியீடு என்றும் சொல்கிறார்கள். நேர்மையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரித்தானியாவில் எழுத்தாளர் சங்கமும் எழுத்தாளர் கில்டும் சேர்ந்து 2022ல் வெளியிட்ட அறிக்கையில், இப்படிப் பணம் கட்டிப் புத்தகம் போட்டதாகப் பதிலளித்தவர்களில் 94 வீதமானோர் பணத்தை இழந்திருந்தார்கள். அமெரிக்காவின் சுயாதீன நூல் வெளியீட்டாளர் சங்கம் 2018ல் இந்த வகை நிறுவனங்களுக்கு அளவுகோல்கள் வகுத்தது. வரும் எல்லாவற்றையும் ஏற்காமல் தெரிவுசெய்ய வேண்டும், விநியோகத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், எழுத்தாளருக்கு நிகர வருமானத்தில் பொதுவாக 50 வீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. எழுத்தாளரும் முதல் போட்டிருக்கும்போது 10 வீதம் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

இரண்டு நாளில் "உங்கள் படைப்பு தெரிவாகியுள்ளது" என்று பதில் வந்தால், யாரும் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம் என்று விலைப்பட்டியல் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் என்ன வேலை என்று கேளுங்கள். "சந்தைப்படுத்தல்" என்றால் முகநூலில் ஒரு பதிவா, கடைகளுக்குப் புத்தகம் போகிறதா? இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அந்த நிறுவனம் போன ஆண்டு போட்ட மூன்று நூல்களின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கண்டியிலும் ஹட்டனிலும் பதுளையிலும் ஒவ்வொரு கடையில் தேடிப் பாருங்கள். தட்டில் இருந்தால் பேசலாம். எங்கும் இல்லையென்றால் அவர்கள் விற்பது அச்சுச் சேவை. அதை அச்சகத்திலேயே நேராக வாங்கலாம். 500 பிரதிக்குப் பணம் வாங்கிவிட்டுக் கேட்கக் கேட்க ஐம்பது ஐம்பதாக அச்சடித்துக் கொடுப்பதும் உண்டு. ஆகவே அச்சகப் பற்றுச்சீட்டின் நகலும் பிரதிகளை எண்ணிப் பெற்ற கையொப்பமும் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

நூலுக்குரிய சர்வதேச எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். யார் பெயரில் இருக்கிறது என்பதும் இங்கே முக்கியம். நிறுவனத்தின் எண்ணில் வந்தால் பதிவில் வெளியீட்டாளர் அந்த நிறுவனமே. நமக்கு எண் வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 978க்குப் பின் 955 அல்லது 624 என்று வரும் எண்கள் இலங்கைக்குரியவை. எழுத்தாளரே வெளியீட்டாளராக விண்ணப்பிக்கலாம். சாதாரண அட்டைக்கும் கெட்டி அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். எண் கிடைக்கும் முன் அட்டையை அச்சுக்கு விட்டுவிட்டுப் பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது.

உரிமை விஷயத்தில் நமது சட்டம் எழுத்தாளரின் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதி முடித்த கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிலைக்கும். அதாவது பேரப்பிள்ளைகளின் காலம்வரை. "சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற ஒரு வரியில் அவ்வளவும் கைமாறிவிடும். தமிழ் அச்சு உரிமையை மட்டும் ஐந்தாண்டுக்குக் கொடுங்கள். சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், தமிழ்நாட்டுப் பதிப்பு ஆகியவை உங்களிடமே இருக்கட்டும். மலையக எழுத்தைச் சிங்களத்தில் கொண்டுபோக ஆள் வரும்போது, மூடிக்கிடக்கும் ஒரு பதிப்பகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க நேரக் கூடாது. கையிருப்பு 50க்குக் கீழ் இறங்கி, எழுத்தில் அறிவித்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரியும் வேண்டும். பிரியும்போது மீதிப் பிரதிகளை அச்சுக்கூலிக்கே வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மின்னூலில் ஒரு முரண்பாடு பலருக்குத் தெரிவதில்லை. அமேசன் கிண்டிலில் தமிழ் நூல் ஏற்றலாம். அங்கே கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதே நேரத்தில் நூலகம் இணையத்தளத்துக்கும் பி.டி.எப். கொடுத்திருந்தால் நிபந்தனை மீறலாகிவிடும். எங்களைக் கேட்டால், 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களைக் காத்துவரும் நூலகத்தில் ஒரு பிரதி இருப்பது கிண்டில் வருமானத்தைவிடப் பெரிது. அச்சுப் பிரதிகள் தீர்ந்ததும் அங்கே கொடுத்துவிடுங்கள்.

கடைகளுக்கு ஒரே தடவையில் 25 பிரதி கொடுக்காதீர்கள். ஐந்து கொடுங்கள், தீர்ந்தால் ஐந்து. திகதி, எண்ணிக்கை, விலை, கழிவு, 90 நாளில் கணக்கு முடித்தல் எல்லாம் எழுதிய ஒரு தாளில் கையொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து மங்கிய அட்டையோடு திரும்பி வரும். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள், பிரதேச சபை நூலகங்கள், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி மாணவ ஆசிரியர்கள், திருவிழாக் காலத்துக் கடைகள் என்று நம் பக்கத்தில் நேரடியாக விற்க இடங்கள் உண்டு. பரிசுப் புத்தகங்களுக்குப் பாடசாலைகள் பற்றுச்சீட்டுக் கேட்கும், ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் அடித்து வைத்திருங்கள்.

எந்த நூல் எந்த வழிக்கு? கவிதை, சிறுகதை, நினைவுக்குறிப்பு என்றால் சொந்தமாக 200 பிரதி. ஆய்வு நூல் பல்கலைக்கழக வட்டாரத்தில் பெயருள்ள பதிப்பகத்துக்குப் போகட்டும், மேற்கோள் காட்டுபவர்கள் பதிப்பகத்தையும் பார்ப்பார்கள். வர்ணப் படங்களுள்ள சிறுவர் நூலைத் தனியாகத் தாங்குவது கடினம், செலவைப் பங்கிடும் ஏற்பாடு அதற்குத்தான் பொருந்தும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் வெளியீட்டுச் செய்திகளில் பிரமுகர்களின் பெயர்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? பக்கம் இத்தனை, விலை இவ்வளவு, எந்தெந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று. விழா அழைப்பிதழோடு இந்த விவரத்தையும் அனுப்பினால்தான் செய்தி வரும் என்று நீங்கள் அறிவித்தால், எழுதுபவர்கள் விழாவுக்கு முன்பே கடைகளுக்குப் புத்தகம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நூல் தயாரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஹட்டன்.